சாக்கெட்டுக்கு மானியம் சரி, கேபிளுக்கு யார் பணம்?

ஒரு கார் தன் வாழ்நாளில் ஓடும் நேரம் மிகமிகக் குறைவு. பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ஃபவுண்டேஷன் 2012-ல் கணக்கிட்டுப் பார்த்தபோது, நூற்றுக்கு 4 பங்கு நேரம்தான் அங்கே ஒரு கார் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. 80 பங்கு நேரம் வீட்டருகே நின்றது. மீதி 16 பங்கு நேரம் வேறு இடங்களில் நின்றது. வேலைக்குப் போகிறவரின் வண்டிக்கு அந்த ‘வேறு இடம்’ பெரும்பாலும் அலுவலகத்தின், ஆலையின், பள்ளிக்கூடத்தின் பார்க்கிங்தான்.

பெட்ரோல் வண்டி நிற்கும் நேரத்தால் யாருக்கும் பயனில்லை. பெட்ரோல் பங்க்குக்குப் போனால் ஐந்து நிமிடத்தில் டேங்க் நிறைந்துவிடும். மின்சார வண்டி அப்படியில்லை. அது நிற்கும்போதுதான் நிரம்புகிறது. காலை ஒன்பது மணிக்கு வந்து மாலை ஐந்து வரை அசையாமல் நிற்கிற காருக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண 7 கிலோவாட் சார்ஜர் இருந்தால் எட்டு மணி நேரத்தில் 56 யூனிட் கொடுக்கும். நடுத்தர அளவுக் கார் ஒன்று 300 கிலோமீட்டர் ஓட அது தாராளம். பலருக்கு அது ஒரு வாரத்து ஓட்டம். ஆகவே ஒரே சார்ஜரை நாலைந்து பேர் ஆளுக்கொரு நாள் என்று முறைவைத்துக்கூட ஓட்டிவிடலாம்.

இந்த எளிய கணக்கைப் பார்த்துத்தான் சில அரசுகள் ‘வேலை செய்யும் இடத்தில் சார்ஜர் வையுங்கள், செலவில் ஒரு பங்கை நாங்கள் தருகிறோம்’ என்று நிறுவனங்களுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கின. அவற்றுள் நீண்ட காலம் ஓடியதும், கற்றுக்கொள்ள நிறைய இருப்பதும் பிரிட்டனின் திட்டம். இந்தியாவும் மின்வாகன சார்ஜிங்குக்குப் பெரும்பணம் ஒதுக்கியிருக்கும் இந்த நேரத்தில், அங்கே பணம் எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்று பார்ப்பது நமக்கு அவசியம்.

வாசல் இல்லாதவர்களின் பிரச்னை

பிரிட்டனில் மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு ஜாதி. வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்தச் சொந்த இடம் உள்ளவர்கள் ஒரு பக்கம். சுவரில் சார்ஜரை மாட்டி, இரவில் மலிவான கட்டணத்தில் ஏற்றிக்கொள்வார்கள். வீட்டு மின்சாரத்துக்கு அங்கே மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம்தான். இன்னொரு பக்கம், அடுக்குமாடியிலும் நகரத்துத் தொடர்வீடுகளிலும் குடியிருப்பவர்கள். வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு மாடியேறுகிறவர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு குடும்பத்துக்குச் சொந்தப் பார்க்கிங் கிடையாது. இவர்கள் பொதுச் சார்ஜர்களைத்தான் நம்பவேண்டும். அங்கே வரி 20 சதவீதம்; யூனிட் விலையும் வீட்டு இரவுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு. வசதி குறைந்தவர் அதே மின்சாரத்துக்கு அதிக விலை கொடுக்கிறார்.

அலுவலக சார்ஜர் இந்த அநியாயத்தைக் குறைக்கிறது. வீட்டில் இடமில்லாத செவிலியருக்கு மருத்துவமனை வளாகத்தில் ஓர் இடம் கிடைத்தால், அவரும் மின்சாரக் கார் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். பிரிட்டன் அரசே மெல்ல இந்த முடிவுக்கு வந்தது. தனி வீடு வைத்திருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவந்த வீட்டு சார்ஜர் மானியத்தை 2022 மார்ச்சோடு நிறுத்திவிட்டு, அடுக்குமாடிக்காரர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், பணியிடங்கள் என்று பணத்தைத் திருப்பியது. மானியம் என்பது ஏற்கெனவே வசதி உள்ளவருக்குத் தள்ளுபடியாகப் போய்விடக் கூடாது என்பதை உணர்ந்து செய்த மாற்றம் அது. சரியான மாற்றம் என்றே நான் கருதுகிறேன்.

2016-ல் தொடங்கிய திட்டம்

‘பணியிட சார்ஜிங் திட்டம்’ 2016 நவம்பரில் தொடங்கியது. பிரிட்டன் போக்குவரத்துத் துறையின் கீழ் இயங்கும் பூஜ்ய உமிழ்வு வாகன அலுவலகம் கொள்கையைப் பார்த்துக்கொள்கிறது. விண்ணப்பம், பணப் பட்டுவாடா எல்லாம் வேல்ஸின் சுவான்சீ நகரத்தில் இருக்கும் வாகனப் பதிவு முகமையின் பொறுப்பு. முதலில் ஒரு சாக்கெட்டுக்கு 300 பவுண்டு என்று ஆரம்பித்து, பிறகு 500 ஆக்கினார்கள். 2020 ஏப்ரலில் அதை 350 பவுண்டாகக் குறைத்து, அதற்கு ஈடாக ஒரு நிறுவனம் பெறக்கூடிய சாக்கெட் எண்ணிக்கையை 20-லிருந்து 40-ஆக உயர்த்தினார்கள். 350 பவுண்டு என்றால் நம் பணத்தில் சுமார் 40,000 ரூபாய்.

விதிகள் சிக்கலில்லாதவை. பதிவு பெற்ற தொழில் நிறுவனம், தொண்டு நிறுவனம், அரசு அமைப்பு என யாரும் விண்ணப்பிக்கலாம். தெருவில் அல்லாமல் தங்கள் வளாகத்தில் ஊழியர்களுக்கோ நிறுவன வண்டிகளுக்கோ ஒதுக்கிய பார்க்கிங் இருக்க வேண்டும். இடம் சொந்தமாக இருக்க வேண்டும்; வாடகை என்றால் கட்டட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். 2022 ஏப்ரல் முதல் சிறு தங்கும் விடுதிகளும் உள்ளே வந்தன. பிரிட்டனில் கடை, பெட்ரோல் நிலையம், சிறு தொழில் என்று நடத்தும் ஈழத்தமிழர்கள் ஏராளம். ஊழியர்களுக்கென்று தனி இடம் ஒதுக்க முடிந்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதவு திறந்தே இருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பணம் கைமாறும் முறை. நிறுவனம் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வவுச்சர் எண் வரும். அங்கீகாரம் பெற்ற எலெக்ட்ரீஷியன் நிறுவனத்திடம் அந்த எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் வேலையை முடித்து, மானியத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் பில் போடுவார்கள். மானியப் பணத்தை அரசிடமிருந்து வாங்குவது பொருத்தியவர் பாடு. முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டு, மானியம் எப்போது வரும் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் நிலை தொழில் நடத்துகிறவருக்கு வருவதில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை முதலாளிக்கு இந்த ஒரு வசதி, மானியத் தொகையைவிடப் பெரிது. நம் ஊரில் மானியம் என்றாலே சிறு தொழில்காரர்கள் தயங்குவது தொகை போதாமல் அல்ல. கையிலிருந்து முதலில் போடப் பணமில்லாமல்.

ஒரு கண்டிப்பும் உண்டு. வவுச்சர் கைக்கு வருமுன் வேலையைத் தொடங்கிவிட்டால் மானியம் கிடையாது. வந்தபின் ஆறு மாதத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

467 பவுண்டுக் கணக்கு

திட்டத்தின் அறிவிப்பில் கண்ணைக் கவரும் எண் 75 சதவீதம். ‘வாங்கிப் பொருத்தும் செலவில் 75 சதவீதம்வரை அரசு தரும்’ என்பது வாசகம். அதை ஒட்டியே ‘அதிகபட்சம் 350 பவுண்டு’ என்பதும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் படம் மாறும். 350 என்பது 75 சதவீதமாக இருக்கவேண்டுமானால் மொத்தச் செலவு 467 பவுண்டுக்குள் முடிய வேண்டும். பிரிட்டனில் சார்ஜர் பெட்டியும் பொருத்தும் கூலியும் சேர்த்து ஒரு சாக்கெட்டுக்கு ஆயிரம் பவுண்டு ஆனால், மானியத்தின் உண்மையான பங்கு 35 சதவீதம். இரண்டாயிரம் ஆனால் 17.5 சதவீதம். செலவு கூடக் கூட அரசின் பங்கு தேய்கிறது.

செலவு எங்கே கூடுகிறது என்பதுதான் இந்த விவகாரத்தின் உயிர்நாடி. சார்ஜர் பெட்டியின் விலை கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றுதான். மின் அறைக்கு ஒட்டினாற்போல் பார்க்கிங் இருக்கும் புதிய கட்டடத்தில் இரண்டு நாளில் வேலை முடியும். பழைய தொழிற்பேட்டையில் அப்படியில்லை. பார்க்கிங் ஒரு மூலையில், மின் இணைப்பு இன்னொரு மூலையில். நடுவில் கான்கிரீட் தரையை வெட்டிக் குழாய் பதிக்க வேண்டும். பெரிய கேபிள் இழுக்க வேண்டும். பேனல் போர்டை மாற்ற வேண்டும். எல்லாம் முடிந்தபின், வளாகத்துக்கு வரும் மின் இணைப்பே இந்தச் சுமையைத் தாங்காது, டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற வேண்டும் என்று விநியோக நிறுவனம் சொல்லலாம். 7 கிலோவாட் சாக்கெட் 40 வைத்தால், எல்லாம் ஒரே நேரத்தில் இயங்கும்போது 280 கிலோவாட். இருக்கும் மின்சாரத்தை எல்லா வண்டிக்கும் பகிர்ந்து கொடுக்கும் மென்பொருள் இந்தச் சுமையைப் பெருமளவு குறைக்கும் என்றாலும், அடிப்படை இணைப்பு வலுவாக இருந்தே ஆகவேண்டும்.

சாக்கெட்டை எண்ணிக் கொடுக்கும் மானியம், மண்ணுக்கடியில் போகும் கேபிளைப் பார்ப்பதில்லை. அதனால் அது யாரிடம் எளிதாகப் போய்ச் சேர்கிறது? நல்ல மின் இணைப்பும் புதிய கட்டடமும் சொந்த நிலமும் உள்ள நிறுவனத்திடம். அங்கே 350 பவுண்டு ஒரு நல்ல உதவி. வாடகைக் கொட்டகையில் இருக்கும் சிறிய நிறுவனத்துக்கு அதே 350 எதற்கும் போதாது. கட்டட உரிமையாளருக்கோ, தனக்குப் பயன்படாத வேலைக்குத் தரையை ஏன் வெட்ட விடவேண்டும் என்ற கேள்வி. குத்தகை முடிய இரண்டு வருடம் இருக்கையில், சுவரோடு சேர்ந்துவிடும் கேபிளுக்கு வாடகைதாரர் பணம் போட மாட்டார். பெரும்பாலான இடங்களில் பேச்சு இந்தப் புள்ளியில்தான் நின்றுபோகிறது. மானிய விண்ணப்பம்வரை போவதே இல்லை.

தாமதமாக வந்த திருத்தங்கள்

இந்த ஓட்டையை அடைக்க முயலவே இல்லை என்று சொல்ல முடியாது. 2022-ல் வேறொரு மானியம் வந்தது. 249 ஊழியர்களுக்கு மேற்படாத சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மட்டும். இதில் சாக்கெட்டுக்கு 350 பவுண்டு என்பதோடு, கேபிளும் குழாயும் பதித்து எதிர்காலத்தில் சார்ஜர் வைக்கத் தயாராக்கிய ஒவ்வொரு பார்க்கிங் இடத்துக்கும் 500 பவுண்டு தந்தார்கள். குறைந்தது ஐந்து இடங்களைத் தயார்செய்ய வேண்டும்; அவற்றில் ஒரு சார்ஜராவது உடனே வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. ஒரு வளாகத்துக்கு உச்சவரம்பு 15,000 பவுண்டு. ஒரு நிறுவனம் ஐந்து வளாகங்கள்வரை பெற முடிந்தது. இங்கும் வரம்பு மொத்தச் செலவில் 75 சதவீதம்தான்.

இதன் அருமை, தரையை ஒருமுறைதான் வெட்ட வேண்டும் என்ற புரிதலில் இருக்கிறது. இன்று இரண்டு சார்ஜர், அடுத்த வருடம் இன்னும் மூன்று என்று ஒவ்வொரு முறையும் கான்கிரீட்டை உடைத்தால் செலவு பல மடங்காகும். இன்றே எல்லா இடத்துக்கும் குழாயைப் பதித்துவிட்டால் நாளை சார்ஜரை மாட்டுவது அரை நாள் வேலை. இங்கிலாந்தின் கட்டட விதிகளிலும் அதே 2022-ன் ஜூன் மாதம் இந்த அறிவு ஏறியது. குடியிருப்பு அல்லாத புதிய கட்டடத்தில் பத்துக்கு மேற்பட்ட பார்க்கிங் இடம் இருந்தால், ஒரு சார்ஜரும், ஐந்தில் ஓர் இடத்துக்குக் கேபிள் செல்லும் பாதையும் கட்டாயம்.

2023 ஏப்ரலில் இன்னொரு முக்கியமான மாற்றம், ஆனால் செய்திகளில் அதிகம் அடிபடாதது. புதிய இணைப்போ கூடுதல் சுமையோ கேட்கும் வாடிக்கையாளரிடம், வெளியே இருக்கும் பொது மின்வலையை வலுப்படுத்தும் செலவின் ஒரு பகுதியையும் வசூலித்து வந்தார்கள். எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் அந்த நடைமுறையை மாற்றியது. தன் வளாகம்வரை வரும் கம்பிக்கு வாடிக்கையாளர் கொடுக்க வேண்டும். அதற்கு அப்பால் வலையைப் பலப்படுத்தும் செலவு எல்லோருக்கும் பொது. மானியம் என்ற பெயர் இதற்கு இல்லை. ஆனாலும் இடுக்கில் மாட்டிக்கொண்டிருந்த நிறுவனங்களுக்கு 350 பவுண்டு வவுச்சரைவிட இது பெரிய உதவி என்பது என் கணிப்பு.

2024 பிப்ரவரியில் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு சாக்கெட்டுக்கான உச்சவரம்பை 350-லிருந்து ஒரேயடியாக 2,500 பவுண்டாக உயர்த்தினார்கள். ஏழு மடங்குக்கு மேல். ஆசிரியருக்குப் பயன்படாத நேரத்தில் பள்ளி அந்த சார்ஜரை வெளியாருக்குத் திறந்துவிட்டு வருமானமும் பார்க்கலாம். மற்ற பணியிடங்களுக்கு 350 போதும் என்றவர்கள் பள்ளிக்கு 2,500 கொடுத்ததிலேயே, உண்மைச் செலவு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது.

ஒரு சின்ன வரி விதி, பெரிய நியாயம்

மானியத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் எளிதில் தாண்டிப்போய்விடும் ஒரு வரி விதி இருக்கிறது. முதலாளி தன் ஊழியருக்கு இலவசமாக எதைக் கொடுத்தாலும், பிரிட்டன் வருமானவரிச் சட்டம் அதைச் சம்பளத்தின் ஒரு பகுதியாகப் பார்க்கும். அலுவலகத்தில் சொந்தக் காருக்கு ஏற்றிக்கொள்ளும் மின்சாரத்துக்கு 2018 ஏப்ரல் முதல் விலக்கு கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்று உண்டு: அந்த வளாகத்தில் வேலை செய்யும் ஊழியர்கள் எல்லோருக்கும் பொதுவாக அந்த வசதி கிடைக்க வேண்டும். இயக்குநர்களுக்கும் மேலாளர்களுக்கும் மட்டும் என்றால் விலக்கு இல்லை.

இந்த ஒரு நிபந்தனையை நான் திட்டத்தின் ஆகச்சிறந்த பகுதியாக நினைக்கிறேன். ஏனென்றால், அலுவலகப் பார்க்கிங்கில் எங்கும் அதிகாரப் படிநிலை இருக்கிறது. லிஃப்டுக்கு அருகே நிழலுள்ள இடம் யாருக்கு, வெயிலில் கடைசி மூலை யாருக்கு என்பது எழுதாத சட்டம். சார்ஜர் முதலில் நிழலுள்ள இடத்துக்குத்தான் போகும். வீட்டில் வசதியாக சார்ஜர் வைத்திருப்பவருக்கே அலுவலகத்திலும் இலவச மின்சாரம் கிடைத்துவிடும். பொதுப்பணத்தில் ஒரு ரூபாய் சேர்ந்தாலும் அந்தப் படிநிலை உடைய வேண்டும்.

நேரம் பற்றிய விதியும் கவனிக்கத்தக்கது. 2022 ஜூன் 30 முதல் பிரிட்டனில் வீட்டுக்கும் பணியிடத்துக்கும் விற்கப்படும் சார்ஜர்கள் ‘ஸ்மார்ட்’ வகையாக இருக்க வேண்டும். வாரநாட்களில் காலை 8 முதல் 11 மணிவரை, மாலை 4 முதல் 10 மணிவரை மின்தேவை உச்சத்தில் இருக்கும் என்பதால், அந்த நேரத்தில் ஏற்றாதபடியே முன்கூட்டி அமைத்துத் தர வேண்டும். வேண்டுமானால் பயன்படுத்துபவர் மாற்றிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான வண்டிகள் ஒரே நொடியில் மின்சாரம் இழுத்து மின்வலை திணறாமலிருக்க, ஒவ்வொரு சார்ஜரும் பத்து நிமிடம்வரை முன்பின்னாகத் தொடங்கும் ஏற்பாடும் உண்டு. அந்த நேரங்களைக் கழித்தால் அலுவலகத்துக்கு மிஞ்சுவது காலை 11 முதல் மாலை 4. சூரியன் உச்சியில் இருக்கும் பொழுது. மேகமூட்டத்துக்குப் பேர்போன நாட்டிலேயே அந்தப் பொழுதுக்கு இவ்வளவு மதிப்பென்றால், தமிழ்நாட்டில் எவ்வளவு இருக்க வேண்டும்!

டெல்லியில் பணம் எங்கே போகிறது?

பிரதமரின் ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மொத்த ஒதுக்கீடு 10,900 கோடி ரூபாய். அதில் 2,000 கோடி பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கு. சுமார் 72,000 சார்ஜர்கள் என்பது இலக்கு. பணம் எப்படிப் பிரியும் என்ற வழிகாட்டி நெறிகள் 2025 செப்டம்பரில் வந்தன. அரசு அலுவலகம், அரசு மருத்துவமனை, கல்வி நிறுவனம் போன்ற வளாகங்களில் பொதுமக்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டால், டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் முதலிய மின் கட்டமைப்புக்கும் சார்ஜருக்கும் 100 சதவீதம் மானியம். ரயில் நிலையம், விமான நிலையம், பேருந்து நிலையம் போன்ற இடங்களில் மின் கட்டமைப்புக்கு 80, சார்ஜருக்கு 70 சதவீதம். வணிக வளாகம், சாலையோரம் போன்ற மற்ற பொது இடங்களில் மின் கட்டமைப்புக்கு மட்டும் 80 சதவீதம்.

பிரிட்டன் தாமதமாகக் கற்ற பாடத்தை இந்தியா முதலிலேயே எழுதிவைத்துவிட்டது என்பதை மனமாரப் பாராட்ட வேண்டும். எல்லா வகையிலும் முதலிடம் கேபிளுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும்தான். சந்தையில் சார்ஜர் விலை தானாகக் குறையும்; தரையை வெட்டும் செலவு குறையாது. எங்கே பணம் தேவையோ அங்கே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இதில் தனியார் பணியிடம் எங்கே? பொதுமக்களுக்குத் திறக்க முடியாத வளாகத்துக்கு இங்கே இடமில்லை. ஒரகடத்து ஆலைக்குள் வெளியாரை விட முடியாது. பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. பார்க்கின் அடித்தளத்துக்குள்ளும் விட முடியாது. அங்கே நாள் முழுவதும் நிற்கும் ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு 2,000 கோடியில் ஒரு ரூபாய் இல்லை. பிரிட்டன் சரியான இடத்துக்குக் குறைவான பணம் கொடுத்தது. நாம் சரியான பொருளுக்குப் பணம் கொடுத்துவிட்டு இடத்தை விட்டுவிட்டோம்.

இந்தியாவில் முன்மாதிரியே இல்லையா என்றால், இருக்கிறது. டெல்லி யூனியன் பிரதேச அரசின் 2020-ம் ஆண்டு மின்வாகனக் கொள்கை, தனியார் வளாகங்களில் வைக்கும் முதல் 30,000 சார்ஜிங் பாயின்ட்களுக்குத் தலா 6,000 ரூபாய்வரை மானியம் அறிவித்தது. 2021-ல் மின் விநியோக நிறுவனங்கள் மூலமாகவே ஒற்றைச் சாளர முறையில் வீட்டுக்காரரும் கடைக்காரரும் அலுவலகமும் விண்ணப்பிக்க வழிசெய்தார்கள். மின் இணைப்பு, சார்ஜர், மானியம் மூன்றும் ஒரே விண்ணப்பத்தில். நூறுக்கு மேற்பட்ட வண்டிகள் நிற்கும் கட்டடங்கள் 5 சதவீத இடத்தை மின்வாகனங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டார்கள். தொகை சிறியதுதான். இருந்தாலும் பணியிடத்தையும் ஓர் இடமாகக் கணக்கில் எடுத்தார்கள்.

தமிழ்நாட்டின் கணக்கு வேறு, எளிது

பிரிட்டனின் அலுவலகப் பார்க்கிங்கில் கார் நிற்கும். நம்முடையதில் பெரும்பாலும் ஸ்கூட்டர் நிற்கும். ஓலா கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஏத்தரும் டி.வி.எஸ்ஸும் ஓசூரில் என்று நாட்டின் மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பங்கை இங்கே செய்கிறோம். அவற்றை ஓட்டி வேலைக்குப் போகிறவர்களில் மேல்மாடியில் குடியிருப்பவர்கள், வீட்டுக்காரர் மீட்டர் தனியாகக் கொடுக்காதவர்கள், பேட்டரியைக் கழற்றி மூன்று மாடி தூக்கிப்போய் சார்ஜ் போடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

ஒரு ஸ்கூட்டர் நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் செலவாகும் மின்சாரம் ஒன்றரை யூனிட்டுக்குள். நூறு ஸ்கூட்டருக்கு 150 யூனிட். காலை 9 முதல் மாலை 4 வரை ஏழு மணி நேரத்துக்குப் பரப்பினால் சுமை 21 கிலோவாட்தான். பிரிட்டனில் மூன்று காருக்கு வைக்கும் சார்ஜர்களின் சுமையில் இங்கே நூறு தொழிலாளர்கள் வீடு திரும்ப முடியும். இரு, மூன்று சக்கர வண்டிகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2021-ல் ஒரு குறைந்த விலை சார்ஜருக்குத் தரம் வகுத்தது. 3 கிலோவாட் அளவு, கைபேசியில் இயக்கலாம்; இலக்கு விலை 3,500 ரூபாய் என்று அப்போது சொன்னார்கள். அந்த விலையில் நூறு வாங்கினால் மூன்றரை லட்சம். ஓர் ஆலைக்கு இது பெரிய தொகை அல்ல. மின் இணைப்பையும் பாதுகாப்பான வயரிங்கையும் செய்து தரும் உதவிதான் தேவை. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆறு வண்டியைச் செருகிவைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. விபத்து நடந்தால் பழி வண்டிமேல் விழும். காரணம் வயரிங்காக இருக்கும்.

மின்சாரத்தின் நேரமும் நமக்குச் சாதகம். மத்திய மின்துறை 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், சார்ஜிங் நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி விநியோகச் செலவில் 0.7 மடங்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கும் கட்டணம் வைக்கச் சொல்கின்றன. பகலில் ஏற்றுவது கிட்டத்தட்டப் பாதி விலை. தமிழ்நாட்டில் சூரிய மின் நிலையங்களின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நண்பகலில் அந்த மின்சாரத்தைக் குடிக்க ஆள் வேண்டும். இரவில் வீட்டில் செருகப்படும் வண்டி அதைக் குடிக்காது. பகலில் ஆலையில் நிற்கும் வண்டி குடிக்கும்.

2023-ன் தமிழ்நாடு மின்வாகனக் கொள்கை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், நெல்லை ஆகிய ஆறு நகரங்களை முன்மாதிரி நகரங்களாகத் தேர்ந்தது. ஓசூரும் திருப்பூரும் ஸ்ரீபெரும்புதூரும் அந்தப் பட்டியலில் இல்லை. தொழிலாளர் அதிகம் கூடும் இடங்கள் இவை. அடுத்த திருத்தத்தில் மாநில அரசு பணியிடம் என்ற ஒரு வகையைத் தனியே எழுத வேண்டும். அதற்குப் புதிதாக யோசிக்க ஒன்றுமில்லை: கேபிளுக்கும் மின் இணைப்புக்கும் பணம் என்பதை மத்தியத் திட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வவுச்சரைப் பொருத்துபவரிடம் கொடுத்துவிடும் முறையையும், எல்லா ஊழியருக்கும் பொது என்ற நிபந்தனையையும் பிரிட்டனிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத் தொழிலாளர், காவலாளி, கேன்டீன் ஊழியர் மூவரும் ‘எல்லா ஊழியர்’ என்ற சொல்லுக்குள் வருவார்கள் என்று அரசாணையில் வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் அவர்கள் வரமாட்டார்கள்.

அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் அலுவலகத்துக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு, அதில் பகலில் எவ்வளவு மிச்சம் என்பதை மின் பராமரிப்புப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். நூறு ஸ்கூட்டருக்குத் தேவை 21 கிலோவாட். பெரும்பாலான நடுத்தர அலுவலகங்களில், மதியம் ஏ.சி.யின் அளவைச் சற்றுக் குறைத்தாலே அது கிடைத்துவிடும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கோரிக்கை கொடுங்கள்; கோரிக்கையில் காவலாளியின் கையெழுத்தையும் வாங்குங்கள்.